புத்தருக்குள் தம்பி

அவுஸ்திரேலியா பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கங்காருவைக் கலண்டரில் பார்த்ததே போதும் என்று இருந்தவள் நான். ஆனால் தம்பி சிவகுமாரனைப் பார்க்கும் ஆசை இருந்தது. படகில் போய் இறங்கியவன், தற்காலிக விசா, நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் நான் போகலாம் என்று விசாவுக்குப் போட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். அவன் மெல்பேர்ணில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு நின்ற இடத்திலேயே மாரடைப்பில் விழுந்து செத்தான். சாம்பலை எடுக்கப் போகிறேன் என்று எழுதிப் போட்டேன். உடனே தந்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும் தம்பியைப் பார்க்க வருகிறவள் அங்கேயே நின்றுவிடுவாள், சாம்பலுக்கு வருகிறவள் திரும்பிப் போவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போலும்.

சாம்பல் வேண்டும் என்றவர் அம்மா. கீரிமலைக் கடலில் கரைத்து அந்தியேட்டி செய்யாவிட்டால் பிள்ளையின் ஆத்துமா அலைந்து திரியும் என்பது அவருடைய கவலை. ஆத்துமா அலைகிறதா என்பது எனக்குத் தெரியாது. அம்மா அலைந்தது தெரியும். விடிந்தால் படலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் ஒரு சின்னத் தபாலகத்தின் தபாலதிபர். லீவு போட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

சாம்பல் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. தம்பியோடு குடும்பமாக இருந்த வியட்நாம் பெண் லான்தான் சாவுச் செய்தியையும் சொன்னவள். பிறகு ஒருநாள் தொலைபேசியில், எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீசில், "அவர் புத்தருக்குள் இருக்கிறார்" என்றாள். நாங்கள் சிவபதம் அடைந்தார் என்கிறோமே, அப்படி ஒரு மரியாதைப் பேச்சாக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். அவள் ஒரு படம் அனுப்பினாள். ஒரு குன்றின்மேல் வெள்ளை நிறத்தில் பென்னாம்பெரிய புத்தர் சிலை. அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே மாடி மாடியாகச் சாம்பல் பெட்டிகள் வைக்க மாடங்கள் இருக்கின்றன என்றாள். சொன்னதைச் சொன்னபடியேதான் சொல்லியிருக்கிறாள்.

இதை ஏன் மறைத்தேன் என்பதற்கு எங்கள் ஊரில் புத்தர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் அரசமரத்தடியில் முழ உயரத்தில் ஒரு சிலை இருந்தது. யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு சிலைக்கு ஒரு தகரக் கொட்டில் வந்தது. கொட்டிலுக்குக் காவலாகச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்கள் குளிக்கக் கிணறு வேண்டும் என்றார்கள். கிணற்றைச் சுற்றி மதில் வந்தது. அந்தக் கிணறு எங்களுடையது. இப்போது மதிலுக்குள் விகாரை நிற்கிறது. அம்மாவும் நானும் பக்கத்து ஊரில் சித்தப்பா வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறோம். மகன் புத்தருக்குள் இருக்கிறான் என்று அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

முதலில் சிட்னியில் இறங்கினேன். கிரவீனில் வசந்தி மச்சாள் வீடு. வீட்டுக் குசினியில் நாங்கள் இருக்கும் அறையை இரண்டு தடவை வைக்கலாம். ஆனால் அதில் சமைப்பதில்லை. மீன் பொரிப்பதும் கறி தாளிப்பதும் கார் நிற்கும் கராஜில். வீட்டில் மணம் ஏறக்கூடாதாம். பளபளக்கும் குசினியில் பால் மட்டும் சூடாக்கினார்கள். இவ்வளவு காசு கொட்டிக் குசினி கட்டிவிட்டுக் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கத்தரிக்காய் பொரிக்கிற சனத்தை நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இடியப்பமும் சொதியும் நன்றாக இருந்தன. அதைச் சொல்லாவிட்டால் பாவம். மச்சாள் மூன்றாவது தடவையாகச் சொதி ஊற்றிவிட்டு விசயத்துக்கு வந்தா.

"கோவிக்காதை, ஒண்டு சொல்லவேணும். மெல்பேர்ணிலையிருந்து வரேக்கை அதை வீட்டுக்குள்ளை கொண்டுவரவேண்டாம். மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதினை வருது. கராஜிலை ஒரு மேசை போட்டு வைப்பம், என்ன?"

"மீன் சட்டிக்குப் பக்கத்திலையோ?" என்றேன்.

"சட்டியை எடுத்து விடுவம்" என்றா. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னா.

"பொம்பிளைப்பிள்ளை அஸ்தி காவுறது எங்கடை வழக்கத்திலை இல்லை" என்று அவவுடைய புருசன் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னார். அப்படியென்றால் நீங்கள் வந்து காவுங்கள் என்றேன். அவருக்கு முதுகு சரியில்லையாம். மகள் தலை நிமிராமல் எனக்குப் பிடிபடாத வேகத்தில் இங்கிலீசில் ஏதோ கேட்டாள். மச்சாள் மொழிபெயர்த்தா: "அதைத் தபாலிலை அனுப்பேலாதோ எண்டு கேக்கிறாள்." எங்கள் தபாலகத்துக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு எடுப்பதும் நான்தான், கொண்டுபோய் அம்மாவிடம் கொடுப்பதும் நான்தான் என்றேன். பிள்ளை சிரித்தாள். பகிடி என்று நினைத்திருக்கிறாள்.

அடுத்தநாள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். சாவுத் துடக்கு வீட்டுக்காரி, உள்ளே போகக்கூடாது என்று மச்சாளே விதி சொல்லி, என்னை உணவுச்சாலையில் இருத்திவிட்டுப் போனா. சுற்றிவர யூக்கலிப்டஸ் காடு. புளியோதரையும் வடையும் வாங்கிக்கொண்டு இருந்தேன். எதிர்க்கதிரையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பிள்ளைக்குத் தோசை பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். கணினி வேலையாம். என்ன விசயமாக வந்தீர்கள் என்றார், சொன்னேன்.

"இங்கயே கரைச்சிடலாமே அக்கா. எங்க அப்பாவுக்கு இங்கதான் செஞ்சோம். கடல் எல்லாம் ஒண்ணுதானே."

"உங்கடை அப்பா இஞ்சை வந்து இருந்தவரோ?"

"ஆமா, கடைசி ரெண்டு வருஷம் எங்களோடதான் இருந்தார். பேரன் பேத்தியெல்லாம் பார்த்துட்டார்."

நல்ல மனிதர். தட்டில் இருந்த ஒரு வடையை என் பக்கம் தள்ளிவிட்டார். கடல் எல்லாம் ஒன்றென்று சொல்ல அவரால் முடிகிறது. அவர் கடலை விமானத்தில் தாண்டியவர். அவர்மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்கத் தேவையில்லை. வந்தது.

மெல்பேர்ணில் இறங்கிய அன்று ரயில் பாதையில் திருத்த வேலை. ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். எங்கள் ஊரென்றால் பஸ் பிந்தியதற்கு அரசாங்கத்தின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்போம். இங்கே நூறு பேர் மழைத்தூறலில் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற கிழவர் மட்டும், "ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து" என்று தன் நாயிடம் முறையிட்டார். பஸ் சாரதிக்குப் பாதை புதிது. ஒரு வட்டச்சந்தியை இரண்டு தடவை சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் என்று பயணிகளைக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் காட்டினார்கள்.

லான் தரிப்பிடத்தில் குடையோடு நின்றாள். கட்டைப் பெண், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். என் மூக்கைச் சுட்டிக்காட்டி, "கேண்டியின் மூக்கு" என்றாள். கேண்டி என்றால் இனிப்பு அல்லவா, தம்பியை அன்பாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. காருக்குள் நீட்டுப் பாண் ஒன்று தந்தாள். உள்ளே சோயாக்கட்டியும் ஊறுகாய் போட்ட கரட்டும் கொத்தமல்லியும் இருந்தன. இந்துக்கள் துக்கத்தில் மச்ச மாமிசம் தின்ன மாட்டார்கள் என்று தம்பி சொல்லியிருக்கிறானாம். மச்சாள் வீட்டுச் சொதிக்குப் பிறகு நான் ருசித்துத் தின்றது அதுதான்.

புத்தர் தூரத்திலேயே தெரிந்தார். மாடு மேயும் புல்வெளிகள், கம்பிவேலிகள், தகரக் கூரை போட்ட பண்ணைகள். அவற்றுக்கு மேலே மேகத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளையாக அவர். கிட்டப் போகப் போகக் கழுத்து நொந்தது. கார் நிறுத்துமிடத்தில் இரண்டு சுற்றுலா பஸ் நின்றன. சீனப் பிள்ளைகள் புத்தரின் கால் விரலில் சாய்ந்து படம் எடுத்தார்கள். சின்ன நகம்கூட ஒரு கதவளவு இருந்தது.

சாம்பல் கொடுக்கும் அலுவலர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சிலைக்குப் பக்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் காத்திருந்தோம். தேத்தண்ணீர் கொண்டுவந்த தொண்டர்ப் பெண் என் பொட்டைப் பார்த்துவிட்டு, "சிறிலங்காவா?" என்றாள். அவள் பெயர் நிமாலி, சிங்களப் பெண், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவளாம். யாழ்ப்பாணம் என்றதும் முகம் மலர்ந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருசம் நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் யாத்திரை வந்தோம்" என்றாள். ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தவள் எங்கள் ஊரின் பெயரையும் சொன்னாள். "அங்கே ஒரு புது விகாரை. வெள்ளை வெளேர் என்று. நான் போன எல்லா இடங்களிலும் அதுதான் அமைதி. சுற்றிவர ஒரு சனமும் இல்லை. ஒரு கிணறு இருக்கிறது, தண்ணீர் இளநீர் மாதிரி."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்தச் சனம் நாங்கள்தான், அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் அவள் லானிடம் விசயத்தைக் கேட்டு அறிந்து, என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "தம்பிக்காக நானும் பிரார்த்திக்கிறேன்" என்றாள். அவள் கண் கலங்கியது மெய். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், நன்றி என்று சொல்லவும் முடியாமல் இருந்தேன்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். வெளியே இருந்து பார்க்க ஆகாயத்துக்கு நிற்கிறவர், உள்ளே ஒரு வங்கிக் கட்டடம் மாதிரி இருந்தார். சாம்பல் நிறக் கம்பளம், லிஃப்ட், தீயணைக்கும் சிலிண்டர், பச்சை எழுத்தில் வெளியேறும் வழி. முழங்கால் மட்டத்தில் தியான மண்டபம். வயிற்று மட்டத்தில் லிஃப்ட் நின்றது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் பித்தளைத் தகடு. தகட்டில் பெயரும் பிறந்த திகதியும் இறந்த திகதியும். ஊதுபத்தி மணத்தோடு கீழேயிருந்து கோப்பி மணமும் வந்தது.

நான் லானை முந்திக்கொண்டு தேடினேன். பெயர் பார்த்துப் பிரிப்பதுதானே என் தொழில். வியட்நாம் பெயர்கள், சீனப் பெயர்கள், இடையில் ஒரு வெள்ளைக்காரன். சிவகுமாரன் இல்லை. இரண்டாம் தடவையும் வரிசை பிசகாமல் பார்த்தேன். இல்லை. இவர்கள் தம்பியைத் தொலைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். லான் வந்து ஒரு தகட்டைத் தொட்டாள். திகதிகளுக்கு மேலே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இங்கிலீசுப் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: கந்தையா.

அது அப்பாவின் பெயர்.

நாங்கள் அப்பாவின் பெயரை முன்னால் வைத்து எழுதுகிறோம். கந்தையா சிவகுமாரன். படகில் வந்தவனைப் பதிந்தவர்கள் முன்னால் இருந்ததை அவனுடைய பெயர் என்றும் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்றும் பதிந்துவிட்டார்கள். தடுப்பு முகாமில் கந்தையா, தொழிற்சாலையில் கந்தையா. வாயில் நுழையாதவர்கள் அதை வெட்டிக் கேண்டி ஆக்கியிருக்கிறார்கள். லான் அவனோடு சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்பிய இவ்வளவு காலமும் கூப்பிட்டது என் அப்பாவை.

"அவனுக்குப் பெயர் சிவகுமாரன்" என்றேன். "இது எங்கள் அப்பா."

அவள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஓரளவு சரியாக வந்தது. "அது குடும்பப் பெயர் என்றுதான் நினைத்தேன். அவர் ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டாள். பிறகு தானே யோசித்துச் சொன்னாள்: "கந்தையா என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும். உடனே திரும்பிப் பார்ப்பார்."

அப்பா காணாமல் போனவர். கடைசிச் சண்டை முடிந்து சனமெல்லாம் வெளியே வந்தபோது, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சிப்பாய்கள் அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ் போனதை அம்மாவும் தம்பியும் நானும் நின்று பார்த்தோம். அவ்வளவுதான். உடலும் இல்லை, திகதியும் இல்லை, கிரியையும் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம், நட்டஈடும் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து வீடு தேடி வந்தவர்களை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினார். இத்தனை காலமும் குங்குமப் பொட்டு வைத்துவந்தார். காணாமல் போனவர்களின் வீட்டுக்காரர் கூடுகிற இடமெல்லாம் அப்பாவின் படத்தோடு போய் இருப்பார். அப்பா செத்துவிட்டார் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் எடுத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா தொலைபேசியில் வீடியோ அழைப்பில் வந்தார்.

"எடுத்திட்டியோ பிள்ளை?"

"எடுக்கப் போறன் அம்மா. அலுவலர் வரவேணும்."

"எங்கை வைச்சிருக்கினம்? காட்டு பாப்பம்."

"ஒரு மண்டபம் அம்மா. வந்து சொல்லுறன்."

"பிள்ளை இருந்த இடத்தை நான் பாக்கவேணும். காட்டு."

மாடங்களுக்கு மேலே வரிசையாகப் புத்தர் உருவங்கள். இந்தப் பக்கம் திருப்பினால் தங்கப் புத்தர், அந்தப் பக்கம் திருப்பினால் யன்னலுக்கு வெளியே புத்தரின் கை. அம்மாவின் கண்ணில் புத்தர் படக்கூடாது என்ற ஒரே நினைப்பில் தொலைபேசியை மாடத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இன்னும் கிட்டப் போனேன். தகட்டைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி பிடித்தேன். என்ன காட்டுகிறேன் என்பது அம்மாவின் மூச்சு நின்ற சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

அம்மாவுக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். தொலைபேசி நின்றுவிட்டது. திரும்ப எடுத்தேன், எடுத்தேன், பதில் இல்லை.

அலுவலர் வந்தார். மாடத்தைத் திறந்து வெள்ளைப் பீங்கான் சாடியை எடுத்து, ஒரு பெட்டியில் வைத்துத் தந்தார். தகட்டைக் கழற்றவா என்று லானைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்று அவளே சொன்னாள். அவளுடைய தாயின் சாம்பல் பக்கத்து மாடத்தில் இருந்தது. வெறும் மாடத்தை ஒரு தடவை துணியால் துடைத்து மூடிவிட்டு வந்தாள். தம்பியை விட்டுத்தர அவளுக்கு மனமில்லை என்பது தெரிந்தது. கேட்டிருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

நகரத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் லான் காரை நிறுத்தினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் இருந்தேன். அப்போது அம்மா திரும்பத் தொலைபேசியில் வந்தார். குளித்துத் தலை ஈரமாக இருந்தது. நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

"ஐயரோடை கதைச்சனான்" என்றார். "ரண்டு பேருக்குமாச் சேத்துச் செய்யலாமாம்."

"அம்மா, பொறுங்கோ. அது தம்பியின்ரை பெட்டிதான். பேரை மாறிப் பதிஞ்சுபோட்டாங்கள். அப்பாவின்ரை பேரை இவன்ரை எண்டு..."

"தெரியும் பிள்ளை. அதுகூட எனக்கு விளங்காதே?"

"பேந்து என்னத்துக்கு ரண்டு பேருக்கு?"

ஈரத் தலையை அள்ளி முடிந்தார்.

"கந்தோரிலை தாறன் எண்ட துண்டை நான் வாங்கேல்லை. அது கொண்டுபோனவங்கள் எழுதின சாவு. இது அப்பிடியில்லை. என்ரை பிள்ளை தேப்பன்ரை பேரோடை போய்ச் செத்திருக்கிறான். பேரும் எழுதி, திகதியும் போட்டாச்சு. இனி நான் எந்த முகத்தோடை பொட்டு வைக்கிறது?"

"அம்மா..."

"கவனமாக் கொண்டா பிள்ளை" என்றார். "உன்ரை அப்பாவுக்கும் எங்களிட்டை இருக்கிற சாம்பல் அதுதான்."